மாப்பிள்ளையின் சூப்பர்சார்ஜர்

ஜூன் 3, செவ்வாய்

மகள் மித்ரா டப்ளினுக்குப் போய்விட்டாள். கம்பெனி வேலையாகப் பத்து வாரம். நான் திருச்சியிலிருந்து வந்து இறங்கி நாலு நாள்தான் ஆகிறது. அங்கே என் வீட்டில் தரை முழுவதையும் மேஸ்திரி பெயர்த்துப் போட்டிருக்கிறார், திரும்பிப் போகவும் வழியில்லை. ஆக, இந்தச் சிங்காநல்லூர் வீட்டில் இப்போது இரண்டே பேர். நானும் மாப்பிள்ளையும்.

மாப்பிள்ளை பெயர் கார்வேந்தன். தாராபுரம் பக்கம். பெயரிலேயே தொழில் இருக்கிறது: கார் இன்ஜின்களைப் பிரித்து, வேகம் கூட்டி, மறுபடி பூட்டிக் கொடுக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. எனக்கு அவர் மேல் ஒரு குறையும் கிடையாது. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் இவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று என்னால் கோயம்புத்தூர் வர முடியவில்லை. காய்ச்சல்.

ஜூன் 4, புதன்

காலை ஏழு மணிக்கு மித்ரா கூப்பிட்டாள்.

"அம்மா, உனக்குக் காபியா டீயான்னு அவர் கேக்கறார்."

"காபி. சர்க்கரை அரை ஸ்பூன். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி போதுமா, தக்காளியும் வேணுமான்னு அவரைக் கேளு."

இரண்டு நிமிஷத்தில் மறுபடி கூப்பிட்டாள். "தேங்காயே போதுமாம். அம்மா, இங்க மணி ரெண்டரை. நான் தூங்கட்டுமா?"

மாப்பிள்ளை சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு சுவர்.

பதினைந்து வருஷம் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டவள் நான். காசிக்குப் போட்டிருக்கிறேன், கவுஹாத்திக்குப் போட்டிருக்கிறேன். ஒரு சுவரைத் தாண்ட அயர்லாந்து வழியாக ஒரு கால் போட்டதில்லை.

காபி நன்றாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

ஒரு மரப்பெட்டி வந்தது. இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். பட்டறையில் சிவப்பாக ஒரு ஜப்பான் கார் நிற்கிறது. தாழ்வாக, இரண்டே சீட் வைத்து, குனிந்து பார்த்தால்தான் முகம் தெரிகிற மாதிரி ஒரு வண்டி. பெட்டியில் இருப்பது அதற்குத்தான் என்று புரிந்தது. மற்றது புரியவில்லை. மித்ராவைக் கேட்டேன்.

"அது சூப்பர்சார்ஜர்மா. காத்து பம்ப்னு வச்சுக்கோ. இன்ஜின் பெல்ட்லயே சுத்தி, உள்ள காத்தை அடைச்சு அனுப்பும். காத்து கூடினா பெட்ரோல் கூடும், பவர் கூடும்."

"நல்லதுதானே?"

"இந்த இன்ஜினுக்கு நல்லதில்லைம்மா. இது ஏற்கெனவே காத்தைப் பன்னிரண்டரைல ஒரு பங்கா அமுக்குது. அதுவே ஜாஸ்தி. அதுக்கு மேல காத்தைத் திணிச்சா உள்ள சூடேறி, பெட்ரோல் நேரம் வரதுக்கு முன்னாடியே தானா வெடிச்சுடும். அந்த வெடி கொஞ்ச நேரம் நீடிச்சா பிஸ்டன் ஓட்டையாயிடும். எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா, வேற பிஸ்டன் போட்டு அமுக்கத்தைக் குறைச்சுட்டு அப்புறமா சூப்பர்சார்ஜர் வைப்பாங்க. இவர் குறைக்க மாட்டேங்கறார். குறைச்சா வண்டி கீழ் வேகத்துல சோம்பேறியாயிடுமாம்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னாள். நஞ்சப்பன் என்று ஒருவர் பந்தய அணி வைத்திருக்கிறார். இதே மாதிரி நாலு கார் அவரிடம் உண்டு. இந்த வண்டி பந்தயத் தடத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடி, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாமல் வந்தால் அந்த நாலுக்கும் சூப்பர்சார்ஜர் வைக்கிற வேலையை இவரிடமே தருவாராம். அது நடக்காவிட்டால் பட்டறையை மூடிவிட்டு பூனாவில் ஒரு வேலைக்குப் போவதாக இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் சேர வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

சும்மா வரைபடத்தில் பார்த்தேன். திருச்சியிலிருந்து பூனா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். இன்று வெண்டைக்காய்ப் பொரியல்.

ஜூன் 21, சனி

லேத் செல்லதுரை பத்து நாளாக வந்து போகிறார். மாப்பிள்ளையின் சிநேகிதர், ஐம்பது வயது இருக்கும். பம்பை இன்ஜினோடு பிணைக்கிற இரும்புத் தாங்கியை மூன்று தடவை கடைந்து, மூன்று தடவை தூக்கி எறிந்து, நாலாவதில் பொருந்தியது. அதற்கு முன்னால் காற்றைக் குளிரவைக்க ஒரு ரேடியேட்டர். அதற்கும் மேலே, தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்து பூந்தூறலாகத் தெளிக்க ஒரு சின்ன மூக்கு.

இன்று ஸ்டார்ட் செய்தார்கள். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன், தற்செயலாக. இன்ஜின் சத்தத்துக்கு மேலே சீழ்க்கை மாதிரி மெல்லிசாக இன்னொரு சத்தம் ஏறி ஏறிப் போயிற்று. செல்லதுரை விசில் அடித்தார். மாப்பிள்ளை சிரித்ததை இன்றுதான் பார்த்தேன். கன்னத்தில் குழி விழுகிறது.

ஒரே போர்வையை இரண்டு தடவை உலர்த்தியிருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

நல்ல நாளில்லை.

காலையில் வண்டியை வெளியே ஓட்டிப் பார்க்கப் போனார்கள். இன்ஜினில் ஒரு சின்ன மைக்கை முடுக்கி, அதிலிருந்து ஒயர் இழுத்து ஹெட்போனில் கேட்கிறார்களாம். முன்கூட்டியே வெடிக்கிற சத்தம் வந்தால் உடனே காலை எடுத்துவிடலாம். மாப்பிள்ளை ஓட்ட, செல்லதுரை கேட்டிருக்கிறார். முப்பது வருஷம் லேத் பக்கத்தில் நின்ற காது அது. ஒன்றும் கேட்கவில்லை என்றிருக்கிறார். திரும்பி வந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அதில் வெள்ளி மினுக்கு. பிஸ்டன் உருகித் தெறித்தது அது.

சாயங்காலம் இன்ஜினைப் பிரித்துவிட்டார்கள். மூன்றாவது பிஸ்டனின் ஓரத்தை எலி கடித்த மாதிரி இருந்தது. செல்லதுரை அழாத குறை.

"உங்க மேல தப்பில்லீங்கண்ணா," என்றார் மாப்பிள்ளை. "அந்த எரைச்சல்ல யாருக்குத்தான் கேக்கும்?"

சாப்பிடக் கூப்பிடச் சொல்லி மித்ராவுக்குப் போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை. நானே பட்டறை வாசல் வரைக்கும் போய், "சாப்பிட வாங்க" என்றேன்.

வந்தார்.

ஜூன் 25, புதன்

மத்தியானம் ஹெட்போன் சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது, லாப்டாப்போடு. நேற்றுப் பதிவான சத்தம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கை கழுவப் போயிருந்தார். எடுத்து மாட்டிக்கொண்டேன். ஏன் மாட்டினேன் என்று தெரியவில்லை. அந்தப் பாரம் தலைக்குப் பழக்கமானது, அதனால் இருக்கலாம்.

ஒரே இரைச்சல். ஆனால் இரைச்சல் என்பது ஒன்றாக இருக்காது, அடுக்கடுக்காக இருக்கும். ஐப்பசி மழையில் தூத்துக்குடி லைன் இப்படித்தான் வரும். மேலே இருப்பதை ஒதுக்கி, அடுத்ததை ஒதுக்கி, அடியில் ஒரு ஆள் "ஹலோ" என்பதைப் பிடிக்க வேண்டும்.

மாப்பிள்ளை வந்து நின்றது தெரியவில்லை. கையை உயர்த்திக் காட்டினேன். "இங்க. மறுபடி போடுங்க. இதோ, இங்க. மூடி போட்ட வாணலியில கடுகு வெடிக்குது."

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஐந்தாவது தடவைதான் அவருக்குப் பிடிபட்டது. லாப்டாப்பில் கோடுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க அத்தை, இன்னொருக்கா சொல்லுங்க. வேற எங்காச்சும் கேக்குதுங்களா?"

மொத்தம் பதினொரு இடம். எல்லாவற்றையும் காகிதத்தில் குறித்துக் கொடுத்தேன். ரசம் ஆறிப்போய்விட்டது. சுட வைக்கட்டுமா என்று நான் அவரையே கேட்டேன், அவரும் வேண்டாமென்று என்னிடமே சொன்னார்.

ஜூன் 30, திங்கள்

திருச்சி மேஸ்திரி போன் செய்தார். தரை முடிந்துவிட்டதாம், எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். சுவருக்கும் பெயின்ட் அடிக்கச் சொன்னேன். அவசரமில்லை, நன்றாகக் காயட்டும் என்றேன்.

ஜூலை 6, ஞாயிறு

பிஸ்டன் வந்து, இன்ஜின் பூட்டி, இன்று காலை ஆறரைக்குப் போனோம்.

சூலூருக்கு அந்தப் பக்கம் விற்காமல் கிடக்கிற ஒரு மனைப்பிரிவு. வாசலில் பெரிய வளைவு, உள்ளே அம்சமான தார்ச்சாலை, ஒரு வீடும் கிடையாது. உரிமையாளரிடம் சொல்லி, இரண்டு பக்கமும் சங்கிலி போட்டு, செல்லதுரையை முனையில் சிவப்புத் துணியோடு நிறுத்தினார்கள்.

அந்த சீட்டில் உட்காருவதே ஒரு வேலை. முதலில் இடுப்பு, பிறகு தலை, கடைசியில் கால். நாலு பட்டையால் கட்டினார். புடவையின் மேல் அந்தப் பட்டைகள் போவதைப் பார்த்து அவருக்கு ஒரே சங்கடம். மாமியாரைக் கட்டிப்போடுகிறோமே என்று நினைத்திருப்பார்.

"பயமா இருந்தா சொல்லிப்போடுங்க அத்தை. உடனே நிறுத்திப்போடறேன்."

"எனக்கென்ன பயம்? நான் கேக்கத்தான் வந்திருக்கேன். நீங்க ஓட்டுங்க."

ஓட்டினார்.

என்ன எழுதுவது? முதுகில் யாரோ இரண்டு கையையும் வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. சாலை எங்களை நோக்கி வந்தது. சீழ்க்கை ஏறிற்று. வயிறு எங்கோ பின்னாலேயே தங்கிவிட்டது. ஆனால் காது மட்டும் தன் இடத்தில் நின்றது. மூன்றாவது கியரில் அடியில் ஒரு பொட்டு.

"கடுகு!"

காலை எடுத்துவிட்டார். வண்டி நின்றது. பிறகு அவர் லாப்டாப்பை மடியில் வைத்து, தீப்பொறி விழுகிற நேரத்தை ஒரு டிகிரி தள்ளிவைத்தார். மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை சுத்தம்.

ஒன்பது தடவை போனோம். வேலை என்பதால் போக வேண்டியிருந்தது.

ஜூலை 7, திங்கள்

கழுத்து வலி. அடுத்த ஓட்டம் புதன்கிழமை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

எட்டு நாளில் நாலு நாள் போயாயிற்று. இப்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் பிடிபடுகிறது. வெயில் ஏறினால் கடுகு சீக்கிரம் வரும். தூறல் மூக்கு சரியாகத் தெளித்தால் வராது. பம்ப் ஆறு பவுண்டு அழுத்தத்தில் ஓடுகிறது.

"ஏழு வச்சுப் பாக்கலாங்களா அத்தை?"

"ஆறே தாங்குது, அதோட நிறுத்துங்க."

"கொஞ்சூண்டு. ஆறரை?"

"மாப்பிள்ளை, கேக்கறது நான்தானே?"

"சரிங்க. ஆறு."

டப்ளினிலிருந்து மித்ரா கூப்பிட்டு, "என்னம்மா, நாலு நாளா ரெண்டு பேரும் என்னை எழுப்பவே இல்லை, ஏதாவது சண்டையா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். வண்டி சூடு ஆறுவதற்குள் இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது.

ஜூலை 20, ஞாயிறு

ஓட்டம் முடிந்து திரும்பும்போது சூலூர் பிரிவில் ஒரு பேக்கரியில் டீ குடித்தோம். எல்லாரும் வண்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்கள். என்னையும் சேர்த்து எடுத்தார்கள்.

மாப்பிள்ளை தேங்காய் பன்னை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியை என் பக்கம் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வாய் தானாகப் பேசிவிட்டது.

"உங்க கல்யாணத்தன்னிக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல மாப்பிள்ளை."

அவர் பன்னிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியுங்க அத்தை."

"உங்க மாமா போகக் கூடாதுன்னார். நான் கேட்டுக்கிட்டேன். சொந்தக்காரங்க என்ன சொல்வாங்களோன்னு எனக்கும்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் அவர் தலையில போட முடியாது."

"விடுங்க அத்தை. மித்ராவுக்குத்தான் வருத்தம் இருந்துச்சு. இப்ப இல்லைன்னு நினைக்கறேன்."

"உங்களுக்கு?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இருந்துச்சுங்க. மாமா தவறுனப்ப உங்க வீட்டு வாசல்கிட்ட நாள் பூராவும் நின்னனுங்களே, அப்ப ஒருக்கா உள்ள கூப்புடுவீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

போன வருஷம் அது. நாற்காலி இறக்கினார், தண்ணீர் கேன் தூக்கினார், வருகிறவர்களுக்கு வழி சொன்னார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூப்பிடவில்லை.

பன்னின் பெரிய பாதியை அவர் பக்கம் தள்ளினேன். அவர் என் பக்கம் தள்ளினார். பேக்கரிக்காரர், "இன்னொரு பன் தரட்டுங்களா?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்ததால்.

ஜூலை 26, சனி

மேஸ்திரி பெயின்ட் முடித்துவிட்டாராம். மாடிப் படிக்குக் கைப்பிடி மாற்றச் சொன்னேன். "பழசே நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார். இருக்கட்டும், மாற்றுங்கள் என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

பெரிய நாள். நிதானமாக எழுத வேண்டும்.

பந்தயத் தடத்தில் புடவை கூடாது என்றார்கள். மித்ராவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். அறுபத்து நாலு வயதில் முதல் தடவை. ஹெல்மெட்டுக்குள் இயர்போன். கண்ணாடியில் பார்த்தபோது யாரோ மாதிரி இருந்தேன். மோசமாக இல்லை.

நஞ்சப்பன் வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, கையில் ஸ்டாப் வாட்ச். "அரை மணி நேரம். நிக்காம," என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆரம்பித்தோம். மனைப்பிரிவுச் சாலை நேர்க்கோடு. இங்கே வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொன்றிலும் உடம்பு ஒரு பக்கம் போக, தலை மட்டும் இன்னொரு பக்கம் போகப் பார்க்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பயத்தில் இல்லை, கேட்பதற்காக. பத்து நிமிஷம், சுத்தம். பதினைந்து நிமிஷம், சுத்தம். வண்டி பாடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பக்கத்தில் மாப்பிள்ளையும் ஏதோ முனகிக்கொண்டிருந்தார். அவருக்குச் சுருதியே கிடையாது.

பத்தொன்பதாவது நிமிஷம். நீளமான நேர்ச்சாலையின் கடைசியில் அடியில் ஒன்று. ஒன்றே ஒன்று. பிரமையா? அடுத்த சுற்று, அதே இடம். இரண்டு.

சொன்னால் நிறுத்திவிடுவார். நிறுத்தினால் போயிற்று. நாலு காரும் போயிற்று, பட்டறையும் போயிற்று, பூனா. இன்னும் பத்து நிமிஷம்தானே, தாங்கிவிடாதா? இதையெல்லாம் ஒரு வளைவு தாண்டுவதற்குள் நினைத்தேன். டிரங்க் போர்டில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது ஒன்று: கேட்டதைச் சொல், கேட்காததைச் சொல்லாதே.

"கடுகு."

மாப்பிள்ளை ஏன் என்று கேட்கவில்லை. நிச்சயமா என்று கேட்கவில்லை. அந்த நொடியே காலை எடுத்து, வண்டியை ஓரமாக நஞ்சப்பன் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"நின்னுட்டீங்க," என்றார் நஞ்சப்பன்.

"ஆமாங்க. நிக்காம இருந்திருந்தா பிஸ்டன் போயிருக்கும்."

"மீட்டர்ல ஒண்ணும் காட்டலையே. யாரு சொன்னது?"

மாப்பிள்ளை என்னைக் காட்டினார். நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். தலைமுடி எப்படி நின்றதோ தெரியாது.

"நீங்க யாருங்கம்மா?"

"டிரங்க் ஆபரேட்டர்," என்றேன்.

செல்லதுரை அதற்குள் தூறல் மூக்கைக் கழற்றிவிட்டார். குழாய் மரையில் சுற்றுகிற வெள்ளை டேப்பின் ஒரு துணுக்கு, அரிசிக் குருணை அளவு, துளையை முக்கால்வாசி அடைத்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து எல்லாருக்கும் காட்டினார், ஏதோ வைரம் மாதிரி. நஞ்சப்பன் ஆட்கள் பிளக் துளை வழியாக நூல் மாதிரி ஒரு கேமராவை விட்டு, நாலு பிஸ்டனையும் திரையில் பார்த்தார்கள். ஒரு கீறல் இல்லை.

நஞ்சப்பன் அந்தத் துணுக்கையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் இயர்போனை வாங்கிக் காதில் வைத்து இன்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். "எனக்கு எரைச்சல்தானுங்க கேக்குது," என்றார். ஸ்டாப் வாட்சைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

"மறுபடி மொதல்ல இருந்து அரை மணி நேரம். ஓட்டறீங்களா?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

முப்பது நிமிஷம். முழுக்கச் சுத்தம். கடைசி இரண்டு சுற்றில் எனக்குக் கேட்க ஒன்றுமே இல்லை என்பதால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன். தடத்துக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு இருக்கிறது, அதற்கும் அப்பால் மலை. இவ்வளவு வேகத்தில் மலை மட்டும் நகர்வதில்லை.

வந்து நின்றதும் நஞ்சப்பன் சொன்னார்: "ஓட்டறதுக்கு எங்கிட்ட ஆளுக நெறையா இருக்காங்க கார்வேந்தன். நிறுத்தறதுக்குத்தான் ஆளில்லை. திங்கக்கெழம மொத வண்டிய அனுப்பறேன்."

செல்லதுரை சந்தோஷத்தில் என்னைத் தூக்கிச் சுற்றப் போனார். மாப்பிள்ளை தடுத்துவிட்டார், நல்ல வேளை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையிலிருந்து பால் பாயசம், வடை. மேஸ்திரிக்கு நானே போன் செய்து, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லிவிட்டேன். எப்போது வருவேன் என்றார். தீபாவளி கழித்துப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மித்ரா வந்துவிட்டாள்.

காலை ஒன்பதரைக்கு விமானம். சிவப்புக் காரிலேயே போனோம். வெளி வாசலில் காத்திருக்கும்போது, நஞ்சப்பனின் இரண்டாவது வண்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதில் தீப்பொறியை இரண்டு டிகிரி முன்னால் தள்ளலாம் என்கிறார் மாப்பிள்ளை. அந்த வண்டியை நேற்று நான் காதால் கேட்டிருக்கிறேன், தாங்காது.

"ஒரு டிகிரியாச்சும் அத்தை."

"அரைன்னா சரி."

"அரைக்கு எதுக்குங்க லாப்டாப்பத் தொறக்கோணும்?"

"அப்ப தொறக்காதீங்க."

"நான் வந்து அஞ்சு நிமிஷம் ஆச்சு," என்று ஒரு குரல் கேட்டது.

திரும்பினால் தள்ளுவண்டியில் மூன்று பெட்டியோடு மித்ரா நிற்கிறாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் அது அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாயிற்று. "ரெண்டு பேரும் நேராவே பேசிக்கறீங்க," என்றாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. அவள் காதில், அந்தக் காய்ச்சலைப் பற்றி இரண்டே வாக்கியம் சொன்னேன். இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அப்புறம்தான் பெட்டிகள் எங்கே போகும் என்று யோசித்தோம். டாக்சி பிடித்தேன். பெட்டிகளோடு நான் ஏறிக்கொண்டேன், அவர்கள் இருவரும் காரில் போகட்டும் என்று. அவினாசி ரோட்டில் மாப்பிள்ளை எனக்காக முன்னால் உருட்டிக்கொண்டே போனார், மாட்டு வண்டி வேகத்தில். பஸ்ஸெல்லாம் அவரைத் தாண்டிப் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. போன் போட்டேன்.

"மாப்பிள்ளை, எனக்கு வீடு தெரியும். சாலை காலியா இருக்கு. நீங்க போங்க."

"சரிங்க அத்தை."

சீழ்க்கை எழும்பிற்று. நான் ஜன்னலை இறக்கினேன். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். ஒரு பொட்டு அழுக்கில்லாத சத்தம். சிவப்பு ஒரு கணம் மின்னி, பாலத்தின் மேலே ஏறி மறைந்தது.

டாக்சிக்காரர் வாயைப் பிளந்துகொண்டு, "என்ன வண்டிங்கம்மா அது?" என்றார்.

"பன்னிரண்டரைக்கு ஒண்ணு அமுக்கற இன்ஜின்," என்றேன். "அதுக்கு மேல சூப்பர்சார்ஜர் வைக்கக் கூடாதும்பாங்க. நாங்க வச்சிருக்கோம்."